கலர் குடித்த தெரு

1

பால் வாங்கப் போன இடத்தில்தான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். எங்கள் தெருமுனையில் ரமணிக் பாய் வைத்திருக்கும் சின்னக் கடை. பத்திரிகை, பால், ரொட்டி, சிகரெட், பிள்ளைகளுக்கு மிட்டாய், எங்களைப் போன்றவர்களுக்காகப் பின்பக்க அலமாரியில் கொஞ்சம் துவரம்பருப்பும் பச்சைமிளகாயும். அவர் குஜராத்தி, அவர்கள் பேச்சில் பாய் என்றால் அண்ணன். உகாண்டாவில் இந்தியர்களைத் துரத்தியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இங்கிலாந்தின் இந்த லெஸ்டர் நகரத்துக்கு வந்து சேர்ந்தவர். கடைக் கண்ணாடியின் அடி மூலையில், முழங்கால் உயரத்தில் காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. எழுத்தும் பொடி எழுத்து. ஊர் படிக்க வேண்டும் என்று நினைக்கிறவர் காகிதத்தை அங்கே ஒட்ட மாட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

குனிந்து படித்தேன். கடையில் மது பாட்டில் விற்க அவர் லைசென்ஸ் கேட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் நீதிமன்றத்துக்கு வந்து சொல்லலாம். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல ஒரு பக்கம் முழுக்கச் சட்ட இங்கிலீஷ்.

"என்ன சிஸ்டர், ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று ரமணிக் பாய் உள்ளேயிருந்து கேட்டார்.

"செருப்பு வார்" என்று பொய் சொன்னேன்.

அன்றைக்கு என் மகள் கவிதாவின் கையில் ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் காசு வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. காகிதத்தையும் மிட்டாயையும் சேர்த்து யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், இவள் என்ன எல்லாவற்றுக்கும் இப்படிச் சந்தேகப்படுகிறாள் என்று நினைக்கலாம். கல்யாணத்தின்போது அம்மா எனக்குப் போட்ட நகைகளில் பாதியை இங்கே வந்து விற்றாயிற்று. அவள் கொடுத்த சந்தேகத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

2

அடுத்த நாள் எதிர்வீட்டு மார்கரெட் கதவைத் தட்டினார். அறுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். நாங்கள் குடிவந்ததிலிருந்து தெருவில் பார்த்தால் தலையசைப்பார். மழையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார். வீட்டுக்குள் வந்ததே கிடையாது. அன்றைக்குக் கையில் ஒரு கேக்கோடு வந்து நின்றார். கேக்கின் அடியில் காகிதங்கள்.

விஷயம் நான் நினைத்ததுதான். கடையில் பாட்டில் வந்தால் பூங்கா மதில்மேல் உட்காரும் பையன்கள் அதைத்தான் வாங்குவார்கள், தெருவில் நிம்மதி போய்விடும், ஆகையால் தெருவாசிகள் சேர்ந்து எதிர்க்கிறோம், நீங்கள் ஒரு குழந்தைக்குத் தாய், நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும், முடிந்தால் நீதிமன்றத்துக்கும் வர வேண்டும் என்றார். காகிதத்தில் ஏற்கெனவே தெருவில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள்.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். மார்கரெட்டுக்குத் தெரியாது. மறுநாள் அதே நேரத்துக்குப் பேனாவோடு வந்து நின்றார்.

என் கணவர் சுப்பிரமணிக்கு ஊர் நாமக்கல்லை அடுத்த எருமப்பட்டிப் பக்கம். இங்கே பின்னல் இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. கேக் வந்த அன்று சாயங்காலம் அவர் வந்ததும் கோட்டை வாங்கி மாட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"உன்ற கையெழுத்து எதுக்குன்னு தெரியலயா மகேசு? நாங்க அந்தாளு நெறத்துக்காக எதுக்கல, இந்தியாக்காரம்மாவே எங்க பக்கம் இருக்குதுன்னு அவங்க காட்டோணும். அதுக்குத்தான் கேக்கு."

"அப்படியா இருக்குமுங்க?"

"எனக்கென்ன தெரியும். இத்தன வருசமா வராத அம்மா இன்னைக்கு எதுக்கு வந்துச்சுன்னு நீயே ரோசன பண்ணு."

யோசித்தேன். ரமணிக் பாய் மிட்டாய் கொடுத்ததும் லைசென்ஸுக்காக. மார்கரெட் கேக் கொடுத்ததும் லைசென்ஸுக்காக. நடுவில் நான். கவிதா மிட்டாயையும் கேக்கையும் வஞ்சனையில்லாமல் தின்று தீர்த்துவிட்டாள். அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நான் தமிழில் எது கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறாள். "தமிழ்ல சொல்லு சாமி" என்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுகிறாள். இதைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. ஆனால் அன்றைக்கு என் மனசு கடையை விட்டு நகரவில்லை. அங்கிருந்து அது சேலத்தில் நான் வளர்ந்த சூரமங்கலத்துக்குப் போய்விட்டது.

3

அப்பா அர்த்தநாரி ரயில்வேயில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. நான் சின்னவளாக இருந்தபோது அவருக்குப் பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோட்டில் வேலை. கேரளத்துக்காரர்கள் அப்போது சாராயக் கடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். நம் பக்கம் மதுவிலக்கு. அங்கே அப்பா குடிக்கப் பழகினார். ஈரோட்டுக்குப் போக வேண்டிய வேகனில் மங்களூர்ச் சீட்டை ஒட்டி அனுப்பி, மேலதிகாரி வீட்டுக்கே ஆள் விட்டுக் கேட்கும் அளவுக்குக் குடித்தார். அம்மா அந்த அதிகாரியின் மனைவி காலில் விழுந்து, எங்களைச் சேலத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். ஏன் சேலம் என்று அந்த அம்மா கேட்டதற்கு, "அங்க கடை இல்லீங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

அம்மா சொன்னது நியாயம்தான். மதுவிலக்கு என்ற ஒன்று முதன்முதலில் வந்ததே எங்கள் சேலம் ஜில்லாவில்தான். ஒரு தலைமுறையே கடையைப் பார்க்காமல் வளர்ந்துவிட்டது. திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் அப்பா அந்த இடங்களைத் தேடிப் போகிற ஆள் இல்லை. கண்ணில் படாவிட்டால் அவருக்கு அந்த நினைப்பே வராது. சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடு பிடித்தோம். அப்பா சரியாகிவிட்டார். அம்மா முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அந்த வீட்டில்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் மதுவிலக்கை எடுத்தது. சாராயக் கடைகளை ஏலம் விட்டார்கள். எங்கள் பக்கத்துக் கடையை லாரி பெரியண்ணன் என்பவர் எடுத்தார். நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர், சொந்தமாக லாரிகள் ஓட்டிக்கொண்டிருந்தவர், மரியாதையான மனிதர். கடை வைக்க அவர் பார்த்த இடம் எங்கள் தெருமுனையில் இருந்த பழைய கிடங்கு. அப்பா ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வர வேண்டுமானால் அந்தக் கிடங்கைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அம்மா அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை. "கடை இல்லாத ஊருன்னுதான வந்தம்? இப்ப கடை நம்மளத் தேடிட்டு வருது" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

தெருவில் மற்றவர்களுக்கும் கோபம் இருந்தது. பெண்பிள்ளைகள் நடமாடுகிற தெரு, பக்கத்தில் பள்ளிக்கூடம். எல்லோரும் கூடி லைசென்ஸ் கொடுக்கக் கூடாது என்று மனுக் கொடுக்க முடிவு செய்தார்கள். எழுதும் பொறுப்பு அப்பாவிடம் வந்தது. ரயில்வே இங்கிலீஷில் அவரை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் இல்லை. மிகுந்த வணக்கத்துடனும் பணிவுடனும் என்று தொடங்கி, படிக்கிறவர் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி எழுதினார்.

"என்ற பேரு மொதல்ல இருக்கோணும்" என்று அம்மா கேட்டு வாங்கி, மேலேயே கையெழுத்துப் போட்டாள். பிறகு என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்து, "உங்கொப்பனுக்கு எதுக்கு இத்தன சுறுசுறுப்பு? எனக்கு என்னமோ சரியாப் படலை" என்றாள்.

அப்பா சும்மா இருந்திருந்தால், ஏன் சும்மா இருக்கிறார் என்று சந்தேகப்பட்டிருப்பாள். அது எனக்கு அப்போது புரியவில்லை.

4

தாலுகா ஆபீஸில் இருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. நல்ல சித்திரை வெயில். மனுவில் கையெழுத்துப் போட்ட ஆண்கள் எல்லோரும் காலையிலேயே கிடங்கு வாசலில் போய் நின்றுகொண்டார்கள். பெண்களை அழைத்துப் போகிற வழக்கம் இல்லை. எங்கள் வீடு கிடங்குக்கு இரண்டு வீடு தள்ளி. அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், நான் பக்கத்தில்.

ஜீப் வரவில்லை. நிழலும் இல்லை. எல்லோரும் துண்டால் விசிறிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் பெரியண்ணன் வந்தார். பின்னாலேயே அவருடைய லாரி டிரைவர் மரத்தூள் கொட்டிய ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டிக்குள் கலர் பாட்டில்கள். ஆரஞ்சு, திராட்சை, பன்னீர். பெரியண்ணனே ஒவ்வொன்றாக உடைத்து நீட்டினார்.

"வெயில்ல நிக்கறீங்களே சாமி. தொண்டைய நனைச்சுக்குங்க. நாயம் அப்பறம் பேசிக்கலாம்."

முதல் ஆள் தயங்கினார், இரண்டாவது ஆள் வாங்கினார். அதற்குப் பிறகு தயங்குகிறவர் இல்லை. அப்பாவின் முறை வந்தது. அப்பா கையைக் கூப்பி, "வேண்டாமுங்க, எனக்கு இப்பத்தான் காபி ஆச்சு" என்றார்.

பெரியண்ணன் முகம் வாடிவிட்டது. "ஏனுங்க, என்ற கையில வாங்குனா ஆகாதுங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அப்பா பாட்டிலை வாங்கிக்கொண்டார். திராட்சைக் கலர். அண்ணாந்து குடித்தார். ஜன்னலில் அம்மா என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியதை இப்போதும் உணர முடிகிறது.

அதற்குப் பிறகு ஜீப் வந்தது. தெருக்கோடியில் காத்திருந்து, கலர் குடித்து முடித்ததும் வந்ததோ என்று அம்மா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதிகாரி மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். பெரியண்ணன் ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, வாயே திறக்காமல் நின்றார். காலி பாட்டில்கள் எல்லோர் கையிலும் இருந்தன.

"அது வந்துங்க, தெருவே போட்டுது, நானும் போட்டனுங்க."

"கடை வந்தாலும் சரிங்க, வராட்டியும் சரிங்க."

"பொதுவா எழுதுனதுங்க. அண்ணன் மேல ஒன்னும் கிடையாதுங்க."

அப்பா வந்தார். மனுவை எழுதியவர் என்று அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. "நீங்க சொல்லுங்க, படிச்சவரு" என்றார். அப்பா பெரியண்ணனைப் பார்த்தார். கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். அதைக் கீழே வைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"எனக்குத் தனிப்பட்ட முறையில ஒன்னும் இல்லீங்க" என்றார்.

"மொதல் கையெழுத்து உங்க சம்சாரமாட்டிருக்குதே, அவங்க?"

"அவங்க ஊட்டுல வேலையா இருக்காங்க."

அம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். தெருவில் தலைவிரி கோலமாக அம்மா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. "என்றகிட்டக் கேக்கவே இல்லையே!" என்று புழுதிக்குள் நின்று கத்தினாள். பெரியண்ணன் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு, "தங்கச்சிக்கு ஒரு கலர்…" என்று பக்கத்தில் வந்தார். அம்மா பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டார்.

வீட்டுக்குள் வந்ததும் அப்பா கெஞ்சினார். "கை நீட்டி வாங்கிக் குடிச்சுப்போட்டு, அந்த மனுசன் மொகத்துக்கு நேரா எப்படி சரசு வேண்டாங்கறது? நாக்கு எந்திரிக்கலை."

"நாக்கு எதுக்கு எந்திரிக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள் அம்மா. "உள்ளுக்குள்ள கடை வரோணும்னு இருந்துச்சு. கலர் ஒரு சாக்கு."

அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் மட்டும் அம்மா நம்பியிருப்பாளா என்று இப்போது தோன்றுகிறது.

5

கடை வந்தது. தெருவாசிகள் பெரியண்ணனைப் பார்த்தால் வணக்கம் சொன்னார்கள், முதுகுக்குப் பின்னால் திட்டினார்கள். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள். முதலில் கலர் வாங்கியது யார் என்று வருஷக்கணக்கில் சண்டை நடந்தது.

எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. அதற்குப் பதிலாகச் சொம்பு வந்தது. அப்பா சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அம்மா சொம்பில் தண்ணீரோடு நிற்பாள். பார்ப்பவர்களுக்குப் புருஷன்மேல் எவ்வளவு கரிசனம் என்று தோன்றும். அப்பா குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுப்பார். வாங்கும்போது அம்மாவின் முகம் அவர் வாய்க்குப் பக்கத்தில் போய்வரும். ஒரு நொடிதான். பிறகு "ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த "ம்" வந்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு.

அப்பாவுக்கு இது தெரியும். வெற்றிலை போடுவதை விட்டார், வாசனைப்பாக்கைத் தொடவில்லை. ஒருநாள் ஆசையாக மல்லிகைப்பூ வாங்கி வந்தார். எந்த நாற்றத்தை மறைக்க இந்த வாசனை என்று அம்மா அன்றைக்கு இரண்டு தடவை முகர்ந்தாள். அதற்குப் பிறகு அவர் பூவும் வாங்கி வரவில்லை. கடைக்குப் பக்கத்தில் வரும்போது சாலையைக் கடந்து, ரயில்வே வேலி ஓரமாகவே நடந்து வருவார். தண்ணீர்க் குழாயடியில் நின்று அதைப் பார்த்து அம்மாவிடம் சொல்வது என் வேலை. "தப்பு இல்லாத ஆளு எதுக்கு அக்கட்டால போறாரு?" என்று அம்மா அதிலும் ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

அப்பா மறுபடி குடித்தாரா என்று கேட்பீர்கள். நான் பார்த்தவரை இல்லை. நான் பார்க்காததைப் பற்றி எனக்குத் தெரியாது. அம்மாவின் மகள் நான், அதற்குமேல் உறுதி சொல்ல என்னால் முடியாது.

சில வருஷத்தில் மதுவிலக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கிடங்கு பூட்டப்பட்டது. பெரியண்ணன் பழையபடி லாரித் தொழிலுக்குப் போனார். அம்மாவின் சொம்பு மட்டும் நிற்கவில்லை.

எனக்குச் சீமை மாப்பிள்ளை என்று பேச்சு வந்ததுமே அப்பா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே எடுத்ததால் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. இங்கே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என்னை மிஸஸ் அர்த்தநாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தலாம் என்றார் கணவர். அதற்கான விண்ணப்பங்களைப் பார்த்ததும் அர்த்தநாரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

நான் கிளம்பிய சமயத்தில் ஊரில் மறுபடி கடைகள் திறந்திருந்தன. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அம்மா எனக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து அப்பா பக்கத்தில் வந்தார்.

"சாமி, ஒன்னு கேட்டாச் செய்வியா?"

"சொல்லுங்கப்பா."

"மாப்பள ஊட்டுக்கு வந்தா தண்ணி குடு. பக்கத்துல நின்னு மோந்து பாக்காத."

தலையாட்டினேன். அம்மா பாட்டிலோடு திரும்பி வந்துவிட்டாள். நாங்கள் என்ன பேசினோம் என்று என்னிடம் மூன்று விதமாகக் கேட்டாள்.

அப்பா போன வருஷம் தவறிப்போனார். என்னால் போக முடியவில்லை. கடைசியாக வாயில் பால் ஊற்றும்போது அம்மா அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள், பார்த்தவர்கள் எல்லோரும் அழுதுவிட்டார்கள் என்று சித்தி எழுதியிருந்தாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அம்மா எதற்குக் குனிந்தாள் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை யாரிடமும் கேட்க முடியாது.

6

மறுநாள் பேனாவோடு வந்த மார்கரெட்டின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். நீதிமன்றத்துக்கு வருவதாகவும் சொன்னேன். ஒலவக்கோட்டையும் சூரமங்கலத்தையும் பார்த்தவளுக்குத் தெருமுனையில் பாட்டில் விற்பது ஆகாது. அம்மாவைக் கேட்காமல் போன ஜீப்பை இங்கேயாவது நிறுத்திச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

விசாரணைக்கு முதல் நாள் பால் வாங்கப் போனேன். ரமணிக் பாயின் மனைவி, "உள்ளே வா பென், ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போ" என்று கையைப் பிடித்து அழைத்தார். பென் என்றால் அவர்கள் பேச்சில் சகோதரி. இஞ்சி தட்டிப் போட்ட டீ. காந்தியா என்கிற கடலைமாவுப் பலகாரம் ஒரு தட்டில். பெரிய சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டைப் பற்றிச் சொன்னார். பாலுக்கும் ரொட்டிக்கும் இப்போது ஆள் வருவதில்லை, பாட்டிலாவது இருந்தால் கடை பிழைக்கும் என்றார். நான் கையெழுத்துப் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வராதே என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டீயைக் குடித்து முடித்த பிறகுதான் ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது.

நீதிமன்றத்தில் மேடைமேல் நீதிபதிகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மார்கரெட் எழுந்து பேசினார். பையன்கள், சத்தம், பூங்காவில் உடைந்து கிடக்கும் கண்ணாடி. ரமணிக் பாயை நேராகப் பார்த்துக்கொண்டே, குரல் நடுங்காமல் பேசினார். நிறத்தைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. வருகிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன். பின்வரிசையில் ஒருவர் மட்டும் "இவர்கள் எல்லாம் வந்த பிறகுதான்" என்று முணுமுணுத்தார். மார்கரெட் திரும்பி அவரை முறைத்தார்.

அப்புறம் குமாஸ்தா என் பெயரைக் கூப்பிட்டார்.

"மிஸஸ் அர்த்தநாரி."

எழுந்தேன். ரமணிக் பாய் திரும்பி என்னைப் பார்த்து மெல்லக் கையைக் கூப்பினார். கோபம் இல்லாத முகம். பக்கத்தில் அவர் மனைவி. வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகி வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. தொண்டையில் இஞ்சிக் காரமும் இருந்தது. நாக்கு எந்திரிக்கவில்லை.

"எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒன்றும் இல்லை, சார்" என்றேன்.

"அப்படியானால் உங்களுக்கு ஆட்சேபணை இல்லையா?"

"அது… பொதுவாகச் சொன்னது."

நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உட்காரலாம் என்றார். லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் மார்கரெட் டிக்கெட்டைக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு, "பயந்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. நேற்று அவர்கள் வீட்டில் டீ குடித்துவிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. "நானும்தான் போன வாரம் குடித்தேன். ரொம்ப நல்ல டீ" என்றார்.

மறுநாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மார்கரெட் கடையில் இருந்து பத்திரிகையும் பாலும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். ரமணிக் பாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் மழையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாளே அந்தக் கையில் பால் வாங்க இவர்களால் முடிகிறது. இது நேர்மையா, நெஞ்சழுத்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னால் முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

அப்பா சொன்னது நிஜம். நாக்கு எந்திரிக்காது. அதற்குக் குடிகாரனாக இருக்க வேண்டியதில்லை, கலர் குடித்திருந்தால் போதும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷமும் ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டன. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவை ஒருநாளாவது நம்பியிருக்கலாம்.

7

என் கணவர் வெள்ளிக்கிழமைகளில் தொழிற்சாலை நண்பர்களோடு ஒரு பீர் குடிப்பார். குடித்ததைச் சொல்லியும் விடுவார். மற்ற நாட்களில் தொடுவதில்லை என்கிறார். அப்பாவுக்கு நான் தலையாட்டியது ஞாபகத்தில் இருக்கிறது. அதனால் இந்த வீட்டில் சொம்பு கிடையாது. இந்த ஊரில் கோட்டு இருக்கிறது. அவர் உள்ளே வந்ததும் நான்தான் கோட்டை வாங்கி மாட்டுவேன். மாட்டும்போது காலர் என் முகத்துக்குப் பக்கத்தில் வரும். அவர் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நீதிமன்றத்துக்குப் போய்வந்த மறுநாள் சாயங்காலம். இன்றைக்குக் கோட்டை வாங்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. நாற்காலியிலேயே உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏ மகேசு, உடம்பு சரியில்லயா?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே வந்தார்.

"ஒன்னுமில்லீங்க, சித்த அசதி."

தொலைக்காட்சி முன்னால் இருந்த கவிதா எழுந்து போனாள். அப்பாவின் கோட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். அவர் அவள் தலையைத் தடவிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். எட்டாத கொக்கிக்கு நுனிக்காலில் எம்பி கோட்டை மாட்டினாள். மாட்டிவிட்டுக் காலரை இழுத்து அதில் முகத்தைப் புதைத்தாள். ஒரு நொடிதான். பிறகு என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினாள்.

"ஒன்னுமில்லம்மா" என்றாள்.

அவள் தானாகத் தமிழில் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.